மூன்று கிலோமீட்டருக்குள்

சிதம்பரம்
16.6.2024

இயேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி ஜோசப்ராஜுக்கு அக்கா புஷ்பமேரி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் மாமாவும் சுகம். மாமாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. ஆனால் பண்ருட்டிப் பலா வருவது நிற்கும்வரை எதையும் நம்ப முடியாது. ஷாலினியின் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஜெனித்துக்கு ஹாஸ்டல் சாப்பாடு பழகிவிட்டதா?

ஆபீஸ் சம்பந்தமாகப் போனில் பேசாதே, வாட்ஸ்அப்பில் எழுதினால் யார் யார் கைக்குப் போகுமோ என்று போன வாரம் நீ சத்தம் போட்டாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஓடைமேட்டு நடுநிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியராக வந்து இது மூன்றாவது வருஷம். எங்களிடம் ஆறு முதல் எட்டு வரை படிப்பவர்களில் ஒன்பது பேர் பூவந்திட்டுப் பிள்ளைகள். அவர்கள் ஊரில் ஐந்தாவதோடு பள்ளி முடிந்துவிடுகிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடை, அதன்மேல் ஒரு தரைப்பாலம். இப்போது அதில் ஆடு மேய்கிறது. ஐப்பசி பிறந்தால் பாலத்தின்மேல் தண்ணீர் ஏறிவிடும், பொங்கல் வரைக்கும் இறங்காது. அப்போது மெயின்ரோடு வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். போன மழையில் நின்றுபோன இரண்டு பெண்கள் திரும்ப வரவே இல்லை. ஒருத்தி இறால் உரிக்கப் போகிறாள். இன்னொருத்தி எங்கே என்றே தெரியவில்லை.

தூரத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டோ வைக்க உங்கள் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் வண்டிப்படி தருகிறார்களே, அது எங்களுக்குக் கிடைக்குமா? கேட்டுச் சொல். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போ.

அன்புடன் அக்கா


கடலூர் முதுநகர்
27.6.2024

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். இங்கு அனைவரும் நலம். ஷாலினி மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள். ஜெனித் வாரம் ஒருமுறை போன் செய்கிறான், பணம் வேண்டுமென்றால் இரண்டு முறை.

நீ கேட்டது கிடைக்காது அக்கா. ஆறாவதுக்கு மேல் என்றால் வீட்டுக்கும் பள்ளிக்கும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். பூவந்திட்டு 2.6. படிவத்தில் தூரம் என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. மழைக்காலத்துக்கு என்று தனிக் கட்டம் கிடையாது. அந்தப் படிவம் சென்னையிலிருந்து வருகிறது, அதில் ஒரு புள்ளியைக்கூட நாங்கள் மாற்ற முடியாது.

நூலகத்துக்கு வந்த பணத்தை ஆட்டோவுக்குக் கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு? புத்தகத்துக்கு வந்ததில் புத்தகம்தான், பந்துக்கு வந்ததில் பந்துதான். ஒரு ஹெச்.எம். நூலகப் பணத்தில் கழிவறைக்குக் கதவு போட்டுவிட்டு, ஓய்வு பெறுகிற நாளில் கையில் மெமோவோடு வீட்டுக்குப் போனார். நல்ல மனுஷர். கதவும் நல்ல கதவு.

உயரப் பாலம் கட்டச் சொல்லி ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடு. வேறு எதுவும் செய்துவிடாதே. எனக்கும் ஆகஸ்டில் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. இந்த முறை என் பெயர் இருக்கும் என்கிறார்கள். மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி ஜோசப்


சிதம்பரம்
14.7.2024

அன்புத் தம்பிக்கு, அனைவரும் நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. பூவந்திட்டு ராமாமிர்தம்தான் குழுத் தலைவி. அவள் மகள் இசைவாணி எங்களிடம் எட்டாவது படிக்கிறாள். நீ எழுதியதை அப்படியே சொன்னேன். ராமாமிர்தம் கேட்டாள்:

"அந்த பாரத்துல என்னா டீச்சர் கேக்குறாங்க?"

"தூரம் எவ்வளவுன்னு கேக்குறாங்க."

"எந்த மாசத்துலன்னு கேக்குறாங்களா?"

"இல்ல."

"அப்ப மழ மாசத்துல எம்மாந்தூரம் வருதோ அத்த எழுதுங்க. எங்க புள்ளைங்க அப்பதான நடக்க முடியாம நிக்குது?"

ஆட்டோ தேவநாதனைக் கூட்டிப்போய் மெயின்ரோடு வழியாக அளந்தோம். 5.4 கிலோமீட்டர். தீர்மானம் எழுதி, அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டோம். இணையத்தில் 5.4 என்று ஏற்றிவிட்டேன். இதில் பொய் எதுவும் இல்லை ஜோசப். மழை மாதங்களில் அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் தூரம்.

அது உன் மேசைக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை.

அக்கா


கடலூர் முதுநகர்
22.8.2024

அன்புள்ள அக்காவுக்கு, நலம்.

வந்தது. போய்விட்டது. செப்டம்பரிலிருந்து பணம் வரும். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

ஷாலினிக்கு ஸ்கேன் எடுத்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

ஜோசப்


சிதம்பரம்
20.10.2024

அன்புத் தம்பிக்கு ஆசீர்வாதம். நாங்கள் சுகம். ஷாலினிக்காக வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன், அவளிடம் சொல்.

எழுத வேண்டாம் என்றாய். இருந்தாலும் இதை எழுதாமல் எனக்கு முடியவில்லை. செவ்வாய்க்கிழமை தரைப்பாலம் முழுகிவிட்டது. காலை எட்டே முக்காலுக்கு நான் குடையோடு கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். தேவநாதன் ஆட்டோ சேற்றைத் தெறித்துக்கொண்டு வந்தது. இரண்டு தடவையாக ஒன்பது பேரையும் கொண்டுவந்து சேர்த்தான். தலை நனையாத பிள்ளைகளாக இறங்கினார்கள். இசைவாணிதான் கடைசியாக இறங்கி, ஆறாம் வகுப்புக் குட்டிகளை எண்ணி உள்ளே அனுப்பினாள்.

"மிஸ், போன வருஷம் இந்நேரம் நாங்க வீட்ல இருந்தோம் மிஸ்" என்றாள்.

அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் ஓடைமேட்டுப் பிள்ளைகளைவிடப் பூவந்திட்டுப் பிள்ளைகள்தான் ஒழுங்கு.

பட்டியலில் உன் பெயர் வந்ததா? நீ எழுதவே இல்லையே.

அக்கா


கடலூர் முதுநகர்
17.11.2024

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். மாமாவின் உடம்பைப் பார்த்துக்கொள்.

இதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு. சென்னையிலிருந்து ஒரு பட்டியல் வந்திருக்கிறது. பள்ளிகள் ஏற்றிய தூரத்தை வரைபடத்தோடு வைத்துக் கம்ப்யூட்டரே சரிபார்த்திருக்கிறது. நம் மாவட்டத்தில் நாற்பத்தொரு பள்ளிகள் மாட்டியிருக்கின்றன. ஓடைமேடு ஏழாவதாக இருக்கிறது.

இப்போதே ஒரு கடிதம் கொடு. 2.6 என்பதற்குப் பதிலாகக் கைதவறி 5.4 என்று பதிந்துவிட்டது, தட்டச்சுப் பிழை, பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்துகிறேன் என்று எழுது. ஒரு கண்டிப்போடு முடிந்துவிடும். நான் எழுதியதுதான் சரி என்று நீ நின்றால் பதினேழு பி போடுவார்கள். அது வேலைக்கே உலை வைக்கிற மெமோ. ஓய்வுக்கு உனக்கு இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது.

தயவுசெய்து நான் சொல்வதைக் கேள்.

ஜோசப்


சிதம்பரம்
21.11.2024

அன்புத் தம்பிக்கு, சுகம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிழை என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே ஆட்டோ நின்றுவிடும். பாலத்தின்மேல் இப்போது இடுப்பளவு தண்ணீர் போகிறது. பிழை என்று என்னால் எழுத முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதி, தீர்மானத்தின் நகலையும், தண்ணீரில் முழுகிய பாலத்தை எடுத்த படத்தையும் வைத்து அனுப்பிவிட்டேன். நேரில் வந்து பாருங்கள் என்றும் எழுதியிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். ஆகஸ்டில் அந்த விண்ணப்பத்தை நீ பார்த்து அனுப்பினாயா, பார்க்காமல் அனுப்பினாயா? உன் கையெழுத்து அதில் இருக்கிறதா? இவ்வளவு எழுதினாய், உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அக்கா


சிதம்பரம்
15.12.2024

அன்புத் தம்பி ஜோசப்புக்கு, மாமா நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. ஷாலினிக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா? போன் செய்தாலும் எடுப்பதில்லை.

நவம்பர் கடைசியில் பணத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரம் என் கையிலிருந்து கொடுத்து ஆட்டோவை ஓட்டினேன். விசாரணையில் இருக்கும் வண்டி பள்ளி வாசலுக்கு வரக்கூடாது என்று வாய்மொழி உத்தரவு வந்தது. எழுத்தில் கேட்டேன், தரவில்லை. தேவநாதன் பயந்துவிட்டான். "என் வண்டிய புடிச்சிட்டா நான் எங்க டீச்சர் போவேன்?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

மழை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளி திறந்தது. சுற்றுவழியில் நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். இசைவாணியும் இரண்டு ஆறாம் வகுப்புப் பெண்களும், தண்ணீர் குறைந்திருக்கிறது என்று தரைப்பாலத்தில் இறங்கியிருக்கிறார்கள். பாதி தூரத்தில் ஒரு குட்டிக்குக் கால் வழுக்கிவிட்டது. இசைவாணி அவள் முடியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். பைகள் மூன்றும் போய்விட்டன. ஈரத்தோடு பள்ளிக்கு வந்து, "மிஸ், லேட்டாயிடுச்சு" என்று வாசலில் நின்றாள். அவள் கையில் அந்தக் குட்டியின் முடி சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் ராமாமிர்தம் வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை.

"மொதல்ல புள்ள இருக்கட்டும் டீச்சர். படிப்ப அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள்.

நேற்று இசைவாணியை அவள் சித்தியோடு திருப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஏதோ மில்லாம். அவளுக்கு இன்னும் பதினான்கு முடியவில்லை.

வியாழக்கிழமை ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்திருக்கிறது. யார் வருகிறார்கள் என்று தெரிந்தால் எழுது.

அக்கா


சிதம்பரம்
26.1.2025

தம்பிக்கு,

உன் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

ஆய்வு நாளன்று அந்த ஜீப்பிலிருந்து நீ இறங்குவாய் என்று நான் நினைக்கவில்லை. என்னை "மேடம்" என்று கூப்பிட்டாய். கூட வந்த இரண்டு பேருக்கும் நாம் அக்கா தம்பி என்று தெரியாது போலிருக்கிறது. அதனால் நானும் "சார்" என்றேன். இளநீர் வெட்டி வைத்திருந்தேன், நீ குடிக்கவில்லை.

மற்ற இருவரும் கரையிலேயே நின்றுவிட்டார்கள். நீ மட்டும் தண்ணீரில் இறங்கினாய். செருப்பை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் தேவநாதன் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போய்த் திரும்பினாய். உன் பேண்ட் தொடைவரை நனைந்திருந்தது. நீ நேரில் பார்த்துவிட்டாய், இனி கவலை இல்லை என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்று முன்தினம் எனக்குப் பதினேழு பி வந்தது. ஆய்வறிக்கையின் நகலையும் இணைத்திருக்கிறார்கள். "தரைப்பாலம் நடந்து கடக்கத்தக்க நிலையில் உள்ளது. தூரம் 2.6 கி.மீ." கீழே உன் கையெழுத்து.

மாமாவிடம் நான் இன்னும் காட்டவில்லை. உன்னை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

புஷ்பமேரி


கடலூர் முதுநகர்
9.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். மாமா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஆறு வாரமாகக் கடிதம் எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். ஆகஸ்டில் உன் விண்ணப்பத்தைப் பார்த்துத்தான் அனுப்பினேன். 5.4 என்று பார்த்தேன், சிரித்தேன், இனிஷியல் போட்டேன். அக்காவின் பள்ளிக் கோப்பு, நான் தொட்டிருக்கவே கூடாது. வேறு சீட்டுக்கு மாற்றிக் கொடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பட்டியலில் என் பெயர் வந்திருந்தது. உனக்கு எழுதவில்லை.

ஆய்வுக்கு என்னைப் போகச் சொன்னார்கள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள், காரணத்தைச் சொன்னால் இனிஷியல் வெளியே வரும். போனேன். பாலம் கடக்க முடியாது என்று எழுதினால், கம்ப்யூட்டர் தப்பு என்ற 5.4 எப்படிச் சரியாகும், அதை முதலில் யார் பார்த்து அனுப்பியது என்று கோப்பைப் புரட்டுவார்கள். கடக்கலாம் என்று எழுதினால் தப்பு உன்னோடு முடிந்துவிடும். இதையெல்லாம் தண்ணீரில் நிற்கும்போதே யோசித்தேன் அக்கா. நடுப்பாலத்தில் என் கால் வழுக்கியது. தேவநாதன் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பேன். "சார், பாத்து. சின்னப் புள்ளைங்க எப்பிடி சார் வரும்?" என்றான். கரைக்கு வந்து, கடக்கத்தக்கது என்று எழுதினேன்.

நான் கடந்தேன் என்பது நிஜம். நீ எழுதிய 5.4 நிஜம் என்பது போல. நீ பிள்ளைகளுக்காக எழுதினாய், நான் எனக்காக எழுதினேன். இதை ஷாலினியிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப் போகிறது? அந்தப் பெண் திருப்பூரில் எந்த மில்லில் இருக்கிறாள் என்று தெரியுமா?

ஜோசப்


திட்டக்குடி
1.6.2025

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

மார்ச்சில் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. என்னை இங்கே மாற்றியிருக்கிறார்கள். தனியாக ரூம் எடுத்திருக்கிறேன். ஷாலினி முதுநகரிலேயே இருக்கிறாள். இங்கே வெயில் ஜாஸ்தி.

உன் பள்ளிக்குப் போன் செய்து ராமாமிர்தத்தின் நம்பர் வாங்கினேன். போன சனிக்கிழமை அவளோடு திருப்பூர் போய் வந்தேன். மில் வாசலில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். பதிவேட்டில் அவளுக்குப் பதினாறு வயது என்று எழுதியிருக்கிறார்கள். பிறந்த தேதிச் சான்றைக் காட்டி, குழந்தைகள் ஹெல்ப்லைனுக்குப் போன் போடவா என்று கேட்ட பிறகுதான் வெளியே அனுப்பினார்கள்.

இசைவாணி அம்மாவைப் பார்த்து அழவில்லை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். தண்ணீரில் இறங்கிய சார் என்று ஊரிலிருந்து யாரோ அவள் சித்தி போனுக்குப் படம் அனுப்பியிருக்கிறார்கள்.

"ஆட்டோ ஓடுதா சார்?" என்று கேட்டாள்.

ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. "இல்லம்மா, ஓடல" என்றேன்.

"இனிமே ஓடுமா?"

"தெரியல. ஓடாதுன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப நான் வந்து என்னா சார் பண்ணப்போறேன்?"

முதுநகரில் எங்கள் வீட்டில் இருந்து ஒன்பதாவது படிக்கலாம், பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம்தான், ஜெனித் அறை சும்மா கிடக்கிறது, ஷாலினியே கூட்டிவரச் சொன்னாள் என்றேன். அவள் என்னை நம்பவில்லை. எப்படி நம்புவாள்? அம்மா முகத்தைப் பார்த்தாள். ராமாமிர்தம், "வர்ற லீவுக்கெல்லாம் நான் வந்து இட்டுக்கினு போறேன்டி" என்றாள். அதற்குப் பிறகுதான் பையை எடுக்க உள்ளே போனாள். கடைசி மாதச் சம்பளத்தைத் தரவில்லை.

எட்டாவது வரை எல்லாரும் பாஸ்தானே, எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழை நீ அனுப்ப வேண்டும். ஷாலினி பெயருக்கு அனுப்பு.

உன் தம்பி


சிதம்பரம்
15.6.2025

அன்புத் தம்பி ஜோசப்புக்கு அக்கா எழுதுவது. நானும் மாமாவும் சுகம். தனியாக இருக்கிறாய், ஹோட்டலில் எண்ணெய்ப் பலகாரம் தின்னாதே. சாயங்காலம் கொஞ்சம் நட.

மாற்றுச் சான்றிதழை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். அதற்காக ஷாலினியோடு பேசும்போது ஏப்ரலில் நடந்ததைச் சொன்னாள். விசாரணை அதிகாரி முன்னால் நீ போய், இது என் அக்கா, இந்த இனிஷியல் என்னுடையது, பாலத்தில் தொடையளவு தண்ணீர் இருந்தது என்று எழுதிக் கொடுத்தாயாமே. பதவி உயர்வு போனதும் திட்டக்குடி மாற்றலும் அதனால்தான் என்றாள். எனக்குத் தண்டனை கண்டிப்போடு முடிந்தது எப்படி என்று எனக்கு அதுவரை புரியவில்லை. பெற்ற தொகையைச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், பிடிக்கட்டும். வெயில் ஜாஸ்தி என்று எழுதினாயே, இதை எழுதக் கூடாதா?

உன்மேல் எனக்குக் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், முழுக்கப் போகவில்லை. அந்தக் குட்டியின் முடி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தீபாவளிக்கு நீ இங்கே வா, மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இந்த வருஷம் தூரக் கட்டத்தை நாங்கள் நிரப்பவே முடியாது. 2.6 என்று அதுவே வந்து நிற்கிறது. பாலத்துக்குக் கொடுத்த மனு எந்த மேசையில் இருக்கிறதோ தெரியவில்லை.

பூவந்திட்டில் ஐந்தாவது முடித்தவர்கள் ஆறு பேர். பள்ளி திறந்த அன்று இரண்டே பேர்தான் வந்தார்கள். சனிக்கிழமை ராமாமிர்தத்தோடு காய்ந்த பாலத்தில் நடந்து போய் மற்ற நான்கு வீட்டிலும் கேட்டேன். ஒரு வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த தகப்பன் தலை நிமிராமல் கேட்டான்:

"மழ வந்தா என்னா பண்ணுவீங்க டீச்சர்?"

"தெரியலப்பா" என்றேன்.

அவன் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். திங்கட்கிழமை தன் மகளைத் தோளில் உட்காரவைத்து அவனே கொண்டுவந்து விட்டான். இன்னொரு வீட்டிலிருந்தும் ஒருத்தி வந்தாள்.

இப்போது நான்கு பேர் வருகிறார்கள். ஐப்பசிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

அன்புடன் அக்கா